சுட்டிக்கு இரண்டு வேளை

மூணாறு,
ஜனவரி 11

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல். செவன்மலை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் உறைபனி விழுந்து புல் வெளுத்துக் கிடக்கிறது. வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிடுகிறது. பனியைப் பார்க்க வருகிறவர்களின் கார்களால் விடியற்காலையிலேயே ரோட்டில் நடக்க முடியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடுதல். சித்தப்பா வீட்டு விசேஷத்தைத் தையில் வைத்திருக்கிறார்கள், அதைப் பிறகு எழுதுகிறேன். நீ அனுப்பிய உன் குதிரை சுட்டியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் "சரி அப்பா, பார்க்கிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமாக இருந்தால் எடுத்து வைத்து இரண்டு முறையாவது படிப்பாய்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்வை இடப்பக்கமாகச் சரிந்திருக்கிறது. வலது தோள்முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி தேய்ந்து தோல் பளபளக்கிறது. பின்னங்கால் வார்களில் ஒன்று கொக்கி மாட்டாமல் தொங்குகிறது. அந்த வாரில் கால் சிக்கி மிரண்டால் ரேஸ் குதிரை நிற்காது, வேலியையும் பார்க்காது. இரண்டு வார்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மாட்ட வேண்டும். அப்போதுதான் போர்வை புரளாது, தொடையையும் அறுக்காது. வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் இடைவெளி இருக்கட்டும். மார்புப் பக்கம் கையை நுழைத்தால் தடையில்லாமல் போய்வர வேண்டும். தோள் தேய்கிறது என்றால் அளவு சரியில்லை என்று அர்த்தம். மார்பின் நடுவிலிருந்து பின்தொடை முடிகிற இடம்வரை நாடா வைத்து அளந்து பார். அவன் உயரத்துக்கு ஆறேகால் அடியோ ஆறரை அடியோ வரும். நீ போட்டிருப்பது அதற்குச் சிறியது என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு கையால் செய்ய முடியாது. நீ ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டே மாட்டியிருக்கிறாய், உன் முழங்கை படத்தின் ஓரத்தில் தெரிகிறது. முன்பு வந்த படங்களில் நீயும் அவனும் சேர்ந்து நிற்பீர்கள். எடுப்பவரின் நிழல் புல்லில் நீளமாக விழுந்திருக்கும்.

உன்னைப் பற்றி ஊரில் நான் சொல்லாத ஆள் இல்லை. எஸ்டேட் லயத்தில் பிறந்த பெண், இங்கிலாந்தில் யார்க்ஷயரில் நர்ஸ், சொந்தமாக ஒரு ரேஸ் குதிரை வைத்திருக்கிறாள் என்று டீக்கடையில் சொன்னால் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்கள். 1704ஆம் ஆண்டு சிரியாவின் அலெப்போவிலிருந்து டார்லி அரேபியன் என்ற ஆண் குதிரையைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த யார்க்ஷயரில்தான். இன்று உலகத்தில் ஓடுகிற தரோபிரெட் என்ற ரேஸ் ஜாதிக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்வழியில் அந்த ஒரு குதிரையின் வாரிசுகள். கிண்டியில் நான் மாலிஷ் செய்து நிறுத்திய குதிரைகளும் அந்த வம்சம்தான். அந்த மண்ணில் என் மகள் அந்த வம்சத்துக் குதிரைக்குப் புல் போடுகிறாள் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? ஆனால் வாங்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆயுசு முழுக்க லாயத்தில் கிடந்தவன் நான். ஓட்டத்தை விட்ட குதிரையை இனாமாகக் கொடுத்தாலும் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்று சொல்லியிருப்பேன். கேட்டுவிட்டும் நீ வாங்கித்தான் இருப்பாய். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஜனவரி ஒன்றாம் தேதியோடு அவனுக்கு எட்டு வயது ஆகிறது. ரேஸ் கணக்கில் அங்கும் இங்கும் எல்லாக் குதிரைக்கும் அன்றுதான் பிறந்தநாள். அன்று அம்மா கோயிலில் எப்போதும்போல் உன் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் அர்ச்சனை செய்தாள்.

அவன் பாலைவனத்து வம்சம். தோல் மெல்லியது, முடி குட்டை, ஓடி ஓடி உடம்பில் கொழுப்பே சேராமல் வளர்ந்தவன். பக்கத்து வயலில் மட்டக்குதிரைகள் போர்வை இல்லாமல் நிற்கின்றன என்று அவனையும் அப்படி நிறுத்தாதே. அதற்காகப் போர்வைமேல் போர்வையாகப் போடு என்றும் சொல்லவில்லை. இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தங்களுக்குக் குளிர்ந்தால் குதிரைக்கும் குளிரும் என்று நினைக்கிறார்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அதன் உடம்பு குளிரோடு போராட வேண்டியதில்லை. முடி நன்றாக வளர்ந்து, காய்ந்து, வயிறும் நிறைந்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழேயும் தாங்கும். முடி நிமிர்ந்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் சூடு நிற்கிறது. மழை பட்டால் முடி படிந்துவிடும், சூடு போய்விடும். அதனால் காய்ந்த உறைபனியைவிட உங்கள் ஊரில் மூன்று டிகிரியில் பெய்கிற மழையும் கூடவே அடிக்கிற காற்றும்தான் பொல்லாதவை.

ஊட்டியில் நான் கண்டதும் இதுதான். ஏப்ரலில் கிண்டி வெயிலிலிருந்து லாரியில் ஏற்றி வந்த குதிரைகள் ராத்திரிக் குளிரை எப்படியோ தாங்கிக்கொண்டன. கோடை மழையில் நனைந்து காற்றில் நின்றவைதான் தொடை நடுங்கின. ஈரத்தைத் துடைத்துக் காயவைக்காமல் மேலே கம்பளியைப் போட்டவனை எங்கள் மேஸ்திரி லாயத்தைவிட்டே வெளியே நிறுத்துவார். அந்த ஊட்டி ரேஸ் மைதானத்தை 2024இல் அரசு எடுத்துக்கொண்டது. நீ சின்னப் பிள்ளையாகக் கேரட் வைத்துக்கொண்டு நின்ற வாசல் இப்போது எப்படி இருக்கிறதோ, போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

போர்வைக்குள் வைக்கிற பஞ்சுக்கு நீ சொன்ன கிராம் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பஞ்சு வைக்காதது மழைக்கு மட்டும். 100 கிராம் லேசான குளிருக்கு, 200 நடுத்தரம், 300க்கு மேல் கடுங்குளிருக்கு. எதுவானாலும் மேல்துணியில் தண்ணீர் புகக்கூடாது, உள்ளே எழும் ஆவி வெளியே போக வேண்டும். முடி கத்தரிக்காமல் இருந்தால் அவனுக்கு இந்த மாதம் 200 போதும் என்பது என் எண்ணம். பஞ்சே இல்லாத மெல்லியதை உறைபனி இரவில் போடாதே, அது முடியை அமுக்கிவிடும், தானும் சூடு தராது. வேலியில் உரசுகிறவன் என்று சொன்னாயே, அப்படியானால் நூலின் தடிமனைச் சொல்கிற டெனியர் கணக்கில் 600 துணி நிற்காது, 1200க்கு மேல் பார்த்து வாங்கு. கட்டாயம் இரண்டு வேண்டும். ஒன்று நனைந்து ஊறிவிட்டால் மாற்ற என்ன செய்வாய்? சோப்புத் தூள் போட்டுத் துவைத்தால் தண்ணீர் புகாத பூச்சு போய்விடும், அதையும் கவனி. இனிமேல் முடி வளர்ந்துவிடும் என்று காத்திருக்காதே. முடி வளர்வதும் உதிர்வதும் குளிரைவிடப் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான். டிசம்பர் 21 தாண்டிப் பகல் நீளத் தொடங்கிவிட்டது. இந்த வருஷத்துக்கு அவனுக்குப் போர்வைதான் துணை.

ஆனால் செல்வி, போர்வை வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று இல்லை. தினமும் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கையுறையை எடுத்துவிட்டு, பிடரி முடிகிற மேட்டுக்குப் பின்னால், தோளை ஒட்டிப் போர்வைக்குள் கையை விடு. காய்ந்து இளஞ்சூடாக இருந்தால் சரி. பிசுபிசுவென்று ஈரம் தட்டினால் போர்வை கூடுதல், சில்லென்று இருந்தால் போதவில்லை. காதைத் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே. பிறகு விலாவை விரலால் தடவு. போர்வைக்குள் குதிரை இளைப்பது வெளியே தெரியாது. மூடியிருப்பதால் நன்றாக இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொண்டிருப்போம். முதுகில் பொருக்குத் தட்டி முடி கொத்தாகக் கையோடு வந்தால் அது மழை ஈரத்தில் வருகிற நோய், தள்ளிப்போடாமல் டாக்டரைக் கூப்பிடு.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இரண்டு வேளையும் பார்க்க வேண்டும், இதில் சலுகை கிடையாது. உன் டியூட்டி பன்னிரண்டு மணி நேரம். அங்கே இந்த மாதம் எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது, நான்கு மணிக்கெல்லாம் பொழுது போய்விடுகிறது. நீ போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நைட் டியூட்டி வாரத்தில் வயலுக்கு யார் போகிறார்கள்? நீ வார் மாட்டும்போது டார்ச் யார் பிடிக்கிறார்கள்? ஐப்பசியில் கேட்டபோது "அவர் போவார் அப்பா" என்றாய். இப்போது கேட்டால் "பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாய். ஆடு வளர்க்கும் பக்கத்து வயல்காரம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தாய். அவரைக் கேட்டால் வாரத்தில் இரண்டு நாள் பார்க்க மாட்டாரா? காசு கொடுத்தே கேள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டினால் உடைத்துவிட்டுத்தான் நீ டியூட்டிக்குப் போக வேண்டும். தண்ணீர் குறைந்தால் குடலில் புல் இறுகி வயிற்றுவலி வரும். குளிர்காலத்தில் குதிரைக்காரனுக்குக் குளிரைவிட அந்த வலியைக் கண்டுதான் பயம். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் வைத்தால் கூடுதலாகக் குடிப்பான். அவன் எடை 500 கிலோ என்றால் நாளைக்குப் பத்து கிலோ காய்ந்த புல்லாவது உள்ளே போக வேண்டும். அது பின்குடலில் புளித்துச் செரிக்கும்போது எழுகிற சூடுதான் அவனுக்கு அடுப்பு. குளிர் கூடினால் போர்வையைக் கூட்டும் முன் புல்லைக் கூட்டு. தானியத்தைக் கூட்டாதே. டியூட்டி முடிந்து வயலுக்கும் போய்விட்டு நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

வயலில் மூன்று பக்கம் மறைத்த கொட்டகை இருக்கிறது என்றாய். அதன் முதுகு தென்மேற்குக் காற்றைப் பார்த்து இருக்கிறதா என்று பார். அவன் அதற்குள் போகாமல் புதர்வேலி ஓரத்தில் நின்றால் விட்டுவிடு, எங்கே காற்று குறைவு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் தனியாக நிற்கிறான் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குதிரை கூட்டத்தில் வாழ்கிற ஜீவன். பக்கத்தில் இன்னொன்று விழித்திருந்தால்தான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும். ரேஸ் லாயத்தில் எப்போதும் அக்கம்பக்கம் குதிரைகள் நிற்கப் பழகியவன் இவன். ஒரு மட்டக்குதிரையாவது கழுதையாவது கூட இருக்கட்டும். எத்தனை நாளாகத் தனியாக இருக்கிறான் என்று நீ எழுதவே இல்லை.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அலமாரிமேல் இருந்த படத்தைத் துடைத்தாள். 2018இல் குறிஞ்சி பூத்தபோது நீங்கள் இரண்டு பேரும் வந்து ராஜமலையில் எடுத்த படம். மழைக்கோட்டை உனக்குக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை நனைந்துகொண்டு நிற்பாரே, அதுதான். இதை எடுத்து உள்ளே வைத்துவிடட்டுமா என்று கேட்டாள். அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நீ எது செய்தாலும் யோசித்துத்தான் செய்வாய். இந்த வீட்டில் உன்னை யாரும் காரணம் கேட்டு நிறுத்தப்போவதில்லை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். சுட்டியை ஒரு மாதமாவது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். காலை வேளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ டியூட்டி முடிந்து வந்து தூங்கலாம். மார்ச்சிலும் அங்கே குளிர் இருக்கும் என்றாயே, நான் மூணாற்றுக்காரன், எனக்கு அது பெரிதில்லை. விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது என்று டிராவல்ஸ்காரர் சொன்னார். குதிரையைப் பார்க்க என்று எழுத முடியாது, மகளைப் பார்க்க என்று எழுது. மாப்பிள்ளை பெயரையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள். வீடு சின்னது என்றால் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். அம்மா வரமாட்டாளாம், மாட்டை யார் பார்ப்பது என்கிறாள். வீட்டு விலாசம் பழையதுதானா, மாறியிருக்கிறதா என்பதையும் எழுது. சேற்றில் நடக்க முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை, அங்கேயே வாங்கி வை. என் கால் அளவு எட்டு.

அன்புடன்,
அப்பா