கார்ஃபீல்டும் பெல்லின் கருவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் இருபதாவது குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள் உள்ளன. அவர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார் என்பது ஒன்று. குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுவந்த கருவி வேலை செய்யவில்லை என்பது மற்றொன்று.

1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலப்பக்கம் நுழைந்து, பதினோராவது விலா எலும்பை முறித்து, முதல் இடுப்பு முள்ளெலும்பைத் துளைத்து, இடப்பக்கம் கணையத்தின் அருகே போய் நின்றது. தண்டுவடம் தப்பியது. அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்பதே பின்னாளில் இதை ஆராய்ந்த மருத்துவர்கள் பலரின் கருத்து. உள்நாட்டுப் போரில் குண்டு பட்டு, அதை உடம்பிலேயே சுமந்தபடி பல ஆண்டுகள் வாழ்ந்த சிப்பாய்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

கார்ஃபீல்டு நிலையத்தில் கிடந்தபோதே கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவிவிட்டார்கள். பொறுப்பேற்ற டாக்டர் பிளிஸ்ஸும் விரலும் சலாகையுமாகத் தேடினார். கையையும் கருவிகளையும் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தில் கழுவச் சொல்லி பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் 1876-இல் பிலடெல்பியாவுக்கே வந்து பேசியிருந்தார். அதே ஊரில், அதே ஆண்டில்தான் பெல் தன் தொலைபேசியைப் பொதுமக்களுக்குக் காட்டினார். கம்பி வழியே குரல் வருவதை நம்பிய நாட்டில், கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்ப மருத்துவர்கள் பலர் தயாராக இல்லை.

விளைவு: சீழ் கட்டியது, காய்ச்சல் ஏறி இறங்கியது, சாப்பாடு தங்கவில்லை. 95 கிலோ இருந்தவர் 60 கிலோவுக்கு வந்தார். செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சிக் கடற்கரையில் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனையில்தான், குண்டின் பாதை என்று மருத்துவர்கள் எண்ணி நாள்தோறும் சுத்தம் செய்துவந்தது, குண்டு போகாத வலப்பக்கத்தில் கீழ்நோக்கி இறங்கிய சீழ்க்குழி என்று தெரிந்தது.

இனி கருவிக்கு வருவோம். கம்பிச் சுருள்கள், மின்கலம், மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பும் ஓர் அமைப்பு, காதில் வைக்கத் தொலைபேசிக் குழல், உறுப்புகள் இவ்வளவுதான். ஒரு சுருளின் தூண்டலை இன்னொன்று ஈடுகட்டும்படி அமைத்தால் குழலில் சத்தம் இராது. உலோகம் அருகில் வந்தால் அந்தச் சமநிலை குலைந்து ஒலி கேட்கும். உடலில் குண்டோடு வாழ்ந்த பழைய போர்வீரர்களிடம் சோதித்தபோது கருவி சரியாகவே காட்டியது.

ஜூலை 26 அன்று நோயாளியின் அறையில் கரகரவென்று இரைச்சல்தான் கேட்டது. மின்தேக்கியைத் தவறாக இணைத்திருந்தார்கள். அது பெல் தரப்பின் பிழை. ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு சரியாக இருந்தும், ஓரிடத்தில் கேட்க வேண்டிய ஒலி பரந்த இடமெங்கும் மெல்லியதாகக் கேட்டது. படுக்கையில் எஃகுக் கம்பி மெத்தை இருந்தது பெல்லுக்குப் பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் என்று பிளிஸ் முடிவுகட்டியிருந்ததால் தேடியதும் அங்கேதான். இல்லாத இடத்தில் தேடச் சொல்லிவிட்டுக் கருவியைக் குறை சொல்வது நியாயமா?

ஏறக்குறைய 200 நாள் பதவியில் அவர் எதுவும் செய்யவில்லை என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். அதில் 80 நாள் படுக்கையில் கழிந்தது. மீதி நாட்களில், நியூயார்க் சுங்க அலுவலகத் தலைமைக்கு யாரை நியமிப்பது என்ற சண்டையில் செனட்டர் காங்க்லிங்கைப் பதவி விலகும் நிலைக்குத் தள்ளினார். பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலைந்தவன் கிட்டோ. கட்சிக்காரனுக்கு வேலை என்ற வழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதை நாடு அப்போது கண்டது. 1883 ஜனவரி 16 அன்று, போட்டித் தேர்வு மூலம் ஆளெடுக்கும் பெண்டில்டன் சட்டம் வந்தது. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கே அது பொருந்தியது. அதில் கையெழுத்திட்ட, கார்ஃபீல்டுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஆர்தர், காங்க்லிங்கின் ஆளாக அதே சுங்க அலுவலகத்தின் தலைமையில் இருந்தவர் என்பது வேடிக்கை.

கால்வாய்ப் படகில் கூலி வேலை, படிப்புச் செலவுக்காகக் கல்விக்கூடத்தில் துப்புரவுப் பணி, பின்னர் அதே கல்விக்கூடத்தின் தலைவர், போரில் தளபதி, 17 ஆண்டு பிரதிநிதிகள் சபை உறுப்பினர் என்பதெல்லாம் கட்டுரையிலேயே இருக்கின்றன. விட்டுப்போனது, அவர் உறுப்பினராக இருந்தபோது 1876-இல் ஒரு கல்வி இதழில் வெளியான பிதாகரஸ் தேற்ற நிரூபணம். கணக்கு ஆசிரியர்களுக்காக அதைச் சுருக்கித் தருகிறேன்.

சிறிய பக்கங்கள் அ, ஆ, கர்ணம் இ. இப்படி ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை, ஒன்றின் அ-வும் மற்றதன் ஆ-வும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரும்படி நிறுத்துங்கள். உச்சிகள் இரண்டையும் இணைத்தால் சரிவகம் கிடைக்கும். இணைப்பக்கங்கள் அ, ஆ; உயரம் அ+ஆ; ஆகவே பரப்பு (அ+ஆ)²/2. இதே பரப்பு மூன்று முக்கோணங்களின் கூட்டுத்தொகையும் ஆகும்: அஆ/2 + அஆ/2 + இ²/2. மாணவர்கள் சறுக்குவது நடு முக்கோணத்தில். இரு கர்ணங்களுக்கும் இடையே உள்ளது செங்கோணம் என்று முதலில் காட்ட வேண்டும். அதன் இருபுறமும் உள்ள குறுங்கோணங்களின் கூட்டுத்தொகை 90 பாகை என்பதால் மிஞ்சுவதும் 90. அதைக் காட்டாமல் இ²/2 என்று எழுதக் கூடாது. பிறகு இரு பரப்புகளையும் சமப்படுத்தி அஆ-வை நீக்கினால், அ² + ஆ² = இ².

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை