வாகன வரியில் உள்ளூர்ச் சாலைகளுக்குச் சட்டப்படி ஒரு பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு வண்டி வாங்கும் எவரும் அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யும்போதே ஆயுட்கால வரி என்னும் பெருந்தொகையை ஒரே தவணையில் செலுத்துகிறார். 2023 நவம்பரில் இவ்வரி உயர்த்தப்பட்டபோது, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு, கார்களுக்கு விலைக்கேற்ப 12 முதல் 20 விழுக்காடு என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாயும், 12 லட்சம் ரூபாய் காருக்கு 2,16,000 ரூபாயும் வரியாகும். வரி கட்டுவதைப் பற்றி நான் குறை கூற வரவில்லை. சாலையில் வண்டி ஓட்டுபவர் சாலைக்குப் பணம் தருவது முறைதான். ஆனால், இந்த வரி அரசின் தொகுநிதியில் மற்ற வருவாய்களோடு கலந்துவிடுகிறது; அதில் இவ்வளவு தொகை சாலைப் பராமரிப்புக்கு, அதிலும் நாம் அன்றாடம் கால் வைக்கும் நகராட்சி, ஊராட்சிச் சாலைகளுக்கு என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு இல்லை என்பதே என் கவலை.

இப்படியொரு ஏற்பாடு நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது, அதுவரை உள்ளாட்சி அமைப்புகள் தத்தம் எல்லைக்குள் மோட்டார் வாகனங்களிடம் வசூலித்துவந்த சுங்கம் நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாக அவற்றுக்கு மாகாண அரசு இழப்பீடு தரும் என்று ஏற்பாடாயிற்று. சாலையைப் பேணுவது உள்ளாட்சி, வரியை வசூலிப்பது மாகாணம், ஆகவே வசூலித்தவர் பேணுபவருக்குப் பங்கு தரவேண்டும் என்ற நியாயம் அன்றைக்கே ஏற்கப்பட்டிருந்தது. 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின் கீழ் இன்று வரி பல மடங்கு வளர்ந்துவிட்ட நிலையில், அந்த நியாயத்தை நாம் கைவிட்டிருப்பது வருந்தத்தக்கது.

நீதிமன்றங்களிலும் இந்த வரி நெடுங்காலம் சாலையின் பெயராலேயே காப்பாற்றப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவு வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் உறுதி செய்துள்ள சுதந்திரத்தை வாகன வரி பாதிக்கிறது என்று வழக்குகள் வந்தபோது, சாலை வசதியைப் பயன்படுத்துவதற்கு ஈடாகப் பெறும் வரி அந்தச் சுதந்திரத்தைக் குலைப்பதாகாது என்று 1962இல் ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தப் பேருந்துகளுக்கான வரியை ஓர் இருக்கைக்குக் காலாண்டுக்கு 30 ரூபாயிலிருந்து 100 ரூபாயாகத் தமிழ்நாடு அரசு உயர்த்தியது தொடர்பாகப் பின்னர் எழுந்த வழக்கிலும் அதே கருத்தின் அடிப்படையில்தான் உயர்வு செல்லும் என்று முடிவாயிற்று. 2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த ஈட்டு வரிக் கோட்பாட்டையே கைவிட்டது. அன்றுமுதல், வரிப்பணம் சாலைக்குச் செலவாகிறது என்று காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் நீதிமன்றத்தின் வழியாக அரசுக்கு இல்லாமல் போய்விட்டது. எனவே அந்தக் கடமையைச் சட்டமன்றம்தான் எழுத்தில் கொண்டுவர வேண்டும்.

ஒரே தவணையில் வரி வாங்கும் முறையிலும் ஒரு கோளாறு உண்டு. சாலை தேய்வது ஓடும் வண்டிகளால். ஆயுட்கால வரி வருவதோ அந்த ஆண்டு விற்ற வண்டிகளால். விற்பனை மந்தமான ஆண்டில் வருவாய் குறையும், ஆனால் முன்பே வரி கட்டிய வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு உரிய தொகையை வாங்கி அந்த ஓராண்டின் பொதுச் செலவிலேயே கரைத்துவிடும்போது, எஞ்சிய ஆண்டுகளின் பராமரிப்புக்கு யார் பொறுப்பு?

வரியின் அளவுகோல் வண்டியின் விலை. சாலை கெடுவது எடையால், இன்னும் சரியாகச் சொன்னால், இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் ஒவ்வோர் அச்சும் தாங்கும் பாரத்தால். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதற்கெனவே சாலை அமைத்து லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து, அச்சுப் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்ற கணக்கைப் பொறியாளர்கள் பெற்றார்கள். இதன்படி, பாரம் ஏற்றிய ஒரு லாரியின் ஓர் அச்சு விளைவிக்கும் சேதம் காரின் அச்சைவிடப் பல ஆயிரம் மடங்கு. 2018இல் மத்திய அரசு நான்கு சக்கரம் கொண்ட ஓர் அச்சுக்கான பார வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடையில் கூடியது எட்டில் ஒரு பங்கு. சேதத்தில் கூடுவது ஏறக்குறைய 60 விழுக்காடு. சரக்கு வாகனங்களுக்கு எடையைப் பொறுத்துக் காலாண்டு வரி உண்டு என்பதை அறிவேன். ஆயினும் பாரத்தோடு வரி ஏறும் வேகம், சேதம் ஏறும் வேகத்தின் அருகில்கூட வருவதில்லை. கல்குவாரியிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள், இலகுவான போக்குவரத்துக்கென்று போடப்பட்ட ஊராட்சி ஒன்றியச் சாலையில் ஓர் ஆண்டு ஓடினால் என்ன ஆகும் என்பதைக் குவாரி உள்ள எந்த வட்டாரத்திலும் நேரில் காணலாம். அந்தச் சாலையைச் சீர்செய்ய வேண்டியது ஒன்றியம். லாரியின் வரி போவது சென்னைக்கு.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறதே, அதில் வாகன வரியும் அடங்குமே என்று நிதித் துறையினர் பதில் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் தெருவிளக்கு மின்கட்டணத்துக்கும் கூட்டுக்குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் ஊதியத்துக்கும் போன பிறகு சாலைக்கு என்ன மிஞ்சும் என்பதை எந்த நகராட்சி மன்ற உறுப்பினரைக் கேட்டாலும் சொல்வார். 2022இல் சொத்து வரியும் கணிசமாக உயர்த்தப்பட்டது. வீட்டுக்கும் வரி, வண்டிக்கும் வரி செலுத்தும் குடிமகன், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருவில் முதுகெலும்பு நோக வண்டி ஓட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

குறிப்பிட்ட வரியைக் குறிப்பிட்ட செலவுக்கு ஒதுக்கினால் அரசின் கைகள் கட்டப்படும் என்பது மற்றொரு வாதம். ஆனால் சாலை மேம்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இல் பெட்ரோல் மீது கேலனுக்கு இரண்டு அணா கூடுதல் வரி விதித்துச் சாலை நிதி ஒன்றைத் தனியே உருவாக்கிய நாடு இது. இன்றும் மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீது சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி வாங்குகிறது. அது மாநிலங்களோடு பகிர வேண்டிய வரித்தொகுப்பில் சேர்வதில்லை. மத்திய அரசு தன் தேவைக்குச் செய்துகொண்டதை மாநில அரசு நம் ஊர்ச் சாலைகளுக்குச் செய்ய முடியாதா?

வசூலிப்பவர் உள்ளாட்சியாக மாறிவிட்டால் மட்டும் இது தீராது என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் உதாரணம். அங்கே காரை ஒரு சொத்தாகக் கருதி, அதன் சந்தை மதிப்பின் மீது உள்ளாட்சிகளே ஆண்டுதோறும் வரி விதிக்கின்றன. ஆனால் 1932 முதல் பெரும்பாலான மாவட்டங்களின் சாலைகள் மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், அந்த வரி பள்ளிகள் போன்ற பிற செலவுகளுக்கே பெரிதும் பயன்படுகிறது. வண்டி பழையதாக ஆக வரி குறைவது அம்முறையில் நல்ல அம்சம். எனினும் எந்தப் பணம் எந்தச் சாலைக்கு என்று சட்டத்தில் எழுதாதவரை எந்த முறையும் சாலைக்கு உதவாது.

மின்வாகனங்களையும் இப்போதே கருத்தில் கொள்ள வேண்டும். அவற்றை ஊக்குவிக்க அரசு வாகன வரியில் முழு விலக்கு அளித்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் அவை எரிபொருள் வரியும் செலுத்துவதில்லை. அவற்றின் எண்ணிக்கை பெருகும்போது சாலைக்கான வருவாய் இரு வழிகளிலும் சுருங்கும். எடையைப் பொறுத்த சிறிய ஆண்டுக் கட்டணம் ஒன்றைப் பிற்காலத்தில் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகக் கொண்டுவருவது பற்றி இன்றே ஆலோசிக்கத் தொடங்கலாம்.

நான் கேட்பது இதுதான். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வாகன வரி வருவாயில் ஒரு நிலையான விழுக்காட்டை, சாலை நீளத்தையும் கனரகப் போக்குவரத்தையும் கணக்கிட்டு, உள்ளாட்சிகளின் சாலைப் பராமரிப்புக்கென்று மட்டும் வழங்க வேண்டும். புதுச்சாலை போட அதைத் தொடக்கூடாது. திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாத வேலை என்பதால்தான் பராமரிப்பு எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தார்ச் சாலையின் முதல் எதிரி தண்ணீர்; விரிசலை அடைத்து, பள்ளத்துக்கு ஒட்டுப்போட்டு, பக்கவாட்டு வடிகாலைத் தூர்வாரும் வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிய வேண்டும். பணம் மழைக்குப் பிறகு வந்தால் அதே சாலைக்குப் பல மடங்கு செலவு செய்ய நேரும். பொள்ளாச்சி கோட்டத்தில் நெடுஞ்சாலைத் துறை தொடங்கிய, சாலையின் நிலையைப் பொறுத்து ஒப்பந்ததாரருக்குப் பணம் தரும் ஐந்தாண்டுப் பராமரிப்பு முறையை நகராட்சிகளும் பின்பற்றலாம்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்றால், ஒன்றை மட்டுமாவது வரும் நிதிநிலைக் கூட்டத்தொடரிலேயே செய்யலாம். மோட்டார் வாகனச் சட்ட நிர்வாகத்துக்கான கொள்கை விளக்கக் குறிப்பில் வரவும், நெடுஞ்சாலை, நகராட்சி, ஊரக வளர்ச்சித் துறைகளின் குறிப்புகளில் செலவும் தனித்தனியே கிடக்கின்றன. மாவட்டந்தோறும் வசூலான வாகன வரியையும், அம்மாவட்டத்துச் சாலைகளின் பராமரிப்புக்கு மட்டும் செலவான தொகையையும் அருகருகே காட்டும் ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டு உறுப்பினர்களின் மேசையில் வைக்குமாறு அரசைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.