ராமனைப் பற்றி இதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த சர் சி.வி. ராமன் கட்டுரையைப் பேத்தியோடு உட்கார்ந்து படித்தேன். திருச்சியில் பிறந்தது, கடலின் நீலம், 1928 கண்டுபிடிப்பு, 1930 நோபல் பரிசு எல்லாம் இருந்தன. "சரி தாத்தா, அதை வச்சு இப்ப என்ன செய்றாங்க?" என்றாள். கட்டுரையில் பதில் இல்லை.

பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பாய்லர் பார்த்தவன் நான். பர்னர் கண்ணாடித் துளை வழியே தீயைப் பார்ப்பேன். சிவந்து புகை கட்டினால் காற்று குறைவு, வெள்ளையாகக் கண் கூசினால் காற்று அதிகம். தீக்குள் வெப்பமானிக் கம்பியை விட்டால் கம்பியே காற்றோட்டத்தைக் கலைத்துவிடும். அது தன் சூட்டை வெளியே வீசுவதால் காட்டும் கணக்கும் குறைந்துபோகும்.

என் மகள் எரிதலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு நாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிவிட்டாள். அது பச்சை லேசரை மறைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் கணினித் திரையில்தான் பார்த்தேன். காற்றில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களைக் கலந்து, லேசரைத் தாள் போல மெல்லிசாக விரித்து, மைக்ரோ விநாடிக் கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு முறை மின்ன விடுகிறார்கள். கேமரா இரண்டு படம் எடுக்கிறது. துகள் நகர்ந்த தூரத்தை வைத்து வேகம் கிடைத்துவிடும். மழைக்காலக் கால்வாயில் இலையைப் போட்டு நீரோட்டம் பார்ப்போமே, அதே கணக்குதான்.

அப்புறம்தான் ராமன் பெயரைச் சொன்னாள். லேசர் பட்டதும் தீயிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன், எரியாமல் மிஞ்சிய எரிவாயு ஒவ்வொன்றும் தான் சிதறும் ஒளியில் சிறு பங்கின் நிறத்தைத் தனக்கென்று உள்ள அளவில் மாற்றிவிடுமாம். அதைப் பிரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் எந்த வாயு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று தெரியும். உள்ளே எதையும் நுழைக்க வேண்டாம். சிதறி வருவது மிக மங்கலான ஒளி, அதனால் வலுவான லேசர் வேண்டும். ராமன் இந்த நிற மாற்றத்தை முதலில் சூரிய ஒளியை வைத்தே கண்டார் என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த முறை ராமனைப் பற்றி எழுதும்போது இதையும் சேருங்கள் ஐயா. கூடவே, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் பச்சை லேசர் பேனாவை யார் கண்ணிலும் அடிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி போடுங்கள்.

ஓய்வுபெற்ற பாய்லர் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு