மன்னார்குடி மோரிஸ் மைனர்: ஞாயிறு காலை பார்வைக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2018 கஜா புயலில் கொட்டகைக் கூரை சரிந்தபோது வெளியே தெரியவந்த, மடக்குக் கூரை கொண்ட மோரிஸ் மைனர் கார், சீரமைப்பு முடிந்து, வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளக் கரையில் நிறுத்தப்படும்.

வருவோர் முன்பக்க பம்பரை அவசியம் பார்க்க வேண்டும். இம்மாடலை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948-இல் அது வெளிவருவதற்குச் சற்று முன்பு, அகலம் போதவில்லை என்று கருதி, மாதிரி வண்டியை நெடுக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து முடிவெடுத்தார்; அதற்குள் பம்பர்கள் தயாராகிவிட்டதால், அவற்றை நடுவில் வெட்டி இணைப்புத் தகடு பொருத்தினர். அத்தகடு நம் காரில் இன்றும் இருக்கிறது. புதிய பம்பர் போடாமல் அதைக் காப்பாற்றியதே இச்சீரமைப்பின் மிகச் சிறந்த முடிவு என்பது என் உறுதியான கருத்து.

பதிவுப் புத்தகத்தில் இரண்டாம் உரிமையாளரின் பக்கம் கிழிக்கப்பட்டுள்ளது. பின்னிருக்கைக்கு அடியில் கிடைத்த நாகப்பட்டினத்து ரசீதிலும் பெயர் அழிந்திருக்கிறது. எனவே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில், குறிப்பாகத் திருமண ஊர்வலப் படங்களில், இத்தகைய கார் தென்பட்டால் தவறாமல் எடுத்துவாருங்கள். கூரைத் துணி புதியது என்பதால் யாரும் அதன்மேல் கை ஊன்ற வேண்டாம்.