நாகலிங்கமும் சால மரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வெசாக்கை முன்னிட்டுத் தங்கள் பத்திரிகையில் வெளியான விகாரைப் படமொன்றின் கீழ் ‘சால மரம்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. படத்தில் நிற்பதோ நாகலிங்க மரம். கொழும்பிலும் வெளியூர்களிலும் பல விகாரைகளில் இம்மரமே புத்தரின் வாழ்வோடு தொடர்புடைய சால மரமாகப் போற்றப்படுவதால், இப்பிழைக்குத் தங்களை மட்டும் குறைகூற முடியாது.

நாகலிங்கம் தென் அமெரிக்க மழைக்காடுகளுக்குரியது. 1775 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே அதனை விவரித்து, அங்குள்ள கயானாவின் பெயரையும் சேர்த்துப் பெயரிட்டார். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த அம்மரம் புத்தர் காலத்து இந்தியாவில் நின்றிருக்க வழியில்லை. (நமது சிவாலயங்களில் அதனைத் தொன்மையான மரமென்று சொல்வோரும் இதனைக் கவனிக்கலாம்.) உண்மையான சால மரம் இந்திய, நேபாளக் காடுகளுக்குரியது, குங்கிலியம் தருவது, சிங்கராஜ வனத்து ஹொர மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வெளிர்மஞ்சள் பூக்கள் மிகச் சிறியவை. கனியோ ஐந்து இறக்கைகளுடன் காற்றில் பறப்பது.

நாகலிங்கத்தின் பூ கிளை நுனியில் பூப்பதில்லை. அடிமரத்திலிருந்தே நீண்ட காம்புகள் புறப்பட்டுத் தொங்க, அவற்றில் ஆறு தடித்த இதழ்களுடன் செந்நிறப் பூக்கள் மலர்கின்றன. நாம் லிங்கமாகக் காணும் நடுப்பகுதியைச் சூழ்ந்துள்ள கேசர (மகரந்தத் தாள்) வளையமே விதை உண்டாக்கும் மகரந்தத்தைத் தருகிறது. அதன்மேல் கவிந்திருக்கும் நாகபடத்திலுள்ள மகரந்தம் விதை உண்டாக்காது, தேனீக்களுக்கு உணவாக மட்டுமே அமைந்தது. பூவில் தேன் இல்லாமையால் இந்த உணவை நாடி உள்ளே நுழையும் தேனீ, தன் உடலில் வளையத்தின் மகரந்தத்தையும் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கிறது. இத்தகைய நுட்பமான ஏற்பாடு வேறொரு மரத்தின் பெயரால் மறைந்துபோவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

வழிபாட்டை எவரும் மாற்ற வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் சரியான பெயரையும் தாயகத்தையும் சேர்த்தால் போதும். ஆனால் மரம் நடுவோர் அதன் கனியை மறந்துவிடலாகாது. 25 சென்ரிமீற்றர் வரை விட்டமுள்ள அந்தக் கனத்த உருண்டைகள் முற்றுவதற்கு ஓராண்டளவு செல்லும். விழுந்து உடைந்தால் சதை நீலம் பாரித்து நாற்றமெடுக்கும். ஆகவே நடைபாதை ஓரத்திலும் வாகனத் தரிப்பிடத்திலும் இதனை நடுவதைத் தவிர்த்து, ஏற்கெனவே நிற்கும் மரங்களைச் சுற்றி அகலமான வேலி அமைக்குமாறு விகாரை, கோயில் நிர்வாகங்களையும் மாநகர சபையையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு.