சொந்தக் கடற்கரை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நீலாங்கரையில் கடலை ஒட்டிய கேசுவரினா டிரைவ் தெருவைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். கிரவுண்டு விலை, கண்ணாடிச் சுவர், மொட்டை மாடியில் நீச்சல் குளம் எல்லாம் இருக்கட்டும், அது அவரவர் காசு. ஆனால் நடுவில் "இங்கே வீடு வாங்கினால் சொந்தக் கடற்கரையும் சேர்ந்தே கிடைக்கிறது" என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அப்பா நாற்பது வருஷம் கட்டுமரம் தள்ளிய கரை அது.

ஓதம் ஏறி இறங்கும் மணலை யாரும் பட்டா போட்டு விற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததா? 1991-லேயே மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை போட்டு, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று விதி வைத்தது. 2011-ல் ஒரு தடவை, 2019-ல் ஒரு தடவை அதை மாற்றி எழுதினார்கள். 2019-ல் ரொம்பவே தளர்த்திவிட்டார்கள் என்பது என் எண்ணம். அப்படித் தளர்த்திய விதியில்கூட, கரையோரம் வீடு இருப்பவருக்கு மணலும் சேர்த்தி என்று எங்கேயும் இல்லை.

நீங்கள் ஒரு வரி எழுதினால் இங்கே என்ன ஆகும் என்று சொல்கிறேன். எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகும் ஒரு சந்து இருக்கிறது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் போகிற அகலம்தான். அதன் வாயில் ஒரு பங்களாக்காரர் முதலில் சிமெண்ட் பூந்தொட்டிகளை வைத்தார், நாலு பேர் பிடித்தால்தான் அசையும். அப்புறம் இரும்புக் கேட் வந்தது. அப்புறம் ஒரு காவலாளி. போன மாசம் என் சித்தப்பா விடியற்காலையில் போனபோது "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டிருக்கிறான் அந்தப் பையன். மரியாதையாகத்தான் கேட்டான், அவன்மேல் எனக்கு வருத்தமில்லை, எங்கிருந்தோ பிழைக்க வந்தவன். ஆனால் சித்தப்பா என்ன சொல்வதென்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறந்த ஊர்க் கடலுக்குப் போக யார் பேரைச் சொல்வது? மூன்று மனு கொடுத்தோம், மூன்றுக்கும் ரசீது மட்டும் இருக்கிறது.

அந்தத் தெருவில் எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் ஏறி வந்தபோது ஒரு வீட்டு அம்மா கேட்டைத் திறந்துவிட்டு "உள்ளே வாங்க, உள்ளே வாங்க" என்று கத்தினார். அவர் வீட்டு வழியாகத்தான் நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓடினோம். இன்றைக்கு அப்படி ஓட வேண்டி வந்தால் எத்தனை கேட் பூட்டியிருக்குமோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் உங்கள் கட்டுரை பெருமையாகச் சொல்கிறது, இரவில் தோட்ட விளக்குகள் அலைமேல் விழும் அழகு என்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் கரை இது. ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். 1988-லிருந்து மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரியெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியிலிருந்து வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும், இருட்டில் கடல் பக்கம்தான் வெளுத்திருக்கும் என்பது அதன் கணக்கு. ஒரு வருஷம் விடியற்காலையில் ஒரு காம்பவுண்டுச் சுவரோரம் பதினோரு குஞ்சுகளை நானே பொறுக்கினேன், கண்ணெல்லாம் எறும்பு. இரண்டுதான் துடுப்பை அசைத்தன. அந்த இரண்டையும் ஈர மணலில் விட்டு, அலை வந்து எடுத்துப் போகிறவரை நின்றிருந்தேன்.

நாற்பது வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். முன்பு ஒருமுறை "குப்பத்து நாற்றத்தால் வீட்டு விலை குறைகிறது" என்று எழுதினீர்கள், அப்போதும் கடிதம் போட்டேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளில் வறுக்கும் வஞ்சிரம் எங்கள் கரையில் இறங்கியது என்று அதில் எழுதியிருந்தேன். அதற்காக விட்டீர்களோ என்னவோ.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம், எந்தப் பக்கத்து மூலையில் வேண்டுமானாலும் போடுங்கள். வீட்டு விளம்பரங்களில் 'பிரைவேட் பீச்' என்ற வார்த்தையை இனிமேல் வாங்காதீர்கள். படம் வேண்டுமென்றால் உங்கள் போட்டோகிராபரைக் காலை ஐந்து மணிக்கு அனுப்புங்கள், நானே கூட்டிப் போகிறேன். சந்து வழியாக முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீலாங்கரைக் குப்பம், சென்னை