விரிசல் விழுவது வெல்டின் ஓரத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய் வெடித்தால் ‘வெல்டிங் சரியில்லை’ என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அதே மூட்டு, போட்ட அன்று எக்ஸ்ரேயில் தேறியது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பல ஆண்டுகள் ஓடியபின் தலைகாட்டும் இத்தகைய விரிசல் பலவும் கிரீப் எனும் ஊர்வால், அதாவது சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வதால், வருபவை. அன்றைய படத்தில் அவை இருக்கவே முடியாது.

9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் கலந்த 91 ரக எஃகைப் பார்ப்போம். நார்மலைசிங் (உயர்ந்த சூட்டிலிருந்து காற்றில் ஆறவிடுதல்), டெம்பரிங் (மீண்டும் அளவோடு சூடேற்றிப் பதப்படுத்துதல்) இரண்டும் முறையாக நடந்தால் மார்டென்சைட் எனும் கடினமான படிக அமைப்பும், அதற்குள் நுண்ணிய கார்பைடு, நைட்ரைடு துகள்களும் கிடைக்கும். பலம் முழுக்க அந்த அமைப்பில்தான். வெல்டிங்கின்போது, உருகிய உலோகத்துக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய பட்டை ஏறக்குறைய 850 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடேறுகிறது. கார்பைடுகள் முழுதாகக் கரைவதுமில்லை, பழைய அமைப்பு நிலைப்பதுமில்லை. படிகங்கள் மிகச் சிறிதாகி அந்தப் பட்டை ஊர்வுக்கு எளிதில் இடம் கொடுக்கிறது. இருபுறமும் பலமான உலோகம் பிடித்திருக்க, நடுவில் சிக்கிய பட்டை எல்லாத் திசையிலும் இழுபட்டு நுண்துளைகள் உண்டாகின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் விரிசல். நான்காம் வகை விரிசல் என்பது இதுதான்.

இது பெரும்பாலும் சுவரின் உட்பகுதியில் தொடங்கும். ஆகவே தடித்த குழாயின் வெளிப்பரப்பில் ரெப்ளிக்கா (பரப்பின் அச்சுநகல்) எடுத்து ‘குறையில்லை’ என்று எழுதுவதில் பொருளில்லை. அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும், முடிந்தால் அதிலேயே பல கோணங்களில் வருடும் ஃபேஸ்டு அர்ரே முறை.

களத்தில் கெடுவது பெரும்பாலும் வெப்பச் சிகிச்சையில். ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றல்) 200 டிகிரிக்குக் குறையக் கூடாது, இன்டர்பாஸ் (வெல்டு அடுக்குகளுக்கு இடையிலான வெப்பநிலை) 300 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே. வெல்டிங் முடிந்ததும் மூட்டை 100 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் வெப்பச் சிகிச்சைக்கு நேராக ஹீட்டரை ஏற்றுவதுதான் பெரிய பிழை. மாறாமல் எஞ்சும் ஆஸ்டெனைட் (உயர் சூட்டில் இருக்கும் படிக அமைப்பு) பிறகு ஆறும்போது டெம்பர் ஆகாத மார்டென்சைட்டாகிவிடும். மூட்டு நொறுங்கும் குணத்தோடு வேலைக்குப் போகும். அடுத்தது, அந்தச் சிகிச்சைக்கான 730 முதல் 775 டிகிரி வரையிலான வரம்பை மீறுவது. ஃபில்லரில் (வெல்டின் நிரப்பு உலோகத்தில்) நிக்கலும் மாங்கனீசும் சேர்ந்து கூடினால் அமைப்பு மாறத் தொடங்கும் வெப்பநிலையே கீழிறங்கிவிடும், அப்போது 775 கூட அதிகம்தான். கிடைமட்டக் குழாயின் மேல்பக்கம் மட்டும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) கட்டிய வெப்பநிலைச் சார்ட், கோடு எத்தனை நேராக வந்திருந்தாலும், நம்பத்தக்கதல்ல.

கடினத்தன்மை பார்க்கும்முன் கார்பன் இழந்த மேல்தோலைக் கிரைண்ட் செய்து எடுக்க வேண்டும். இல்லையேல் நல்ல குழாயும் மென்மையாகத் தெரியும். அதன் பிறகும் பிரினெல் எனும் கடினத்தன்மை அளவில் 190-க்குக் கீழே காட்டினால் அந்தக் குழாயைச் சந்தேகிக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அந்த மென்பட்டை இருக்கவே செய்யும். குழாய் முழுவதையும் மறுபடி நார்மலைசிங், டெம்பரிங் செய்தால்தான் மறையும். களத்தில் அதற்கு வழியில்லை. அதனால்தான் ஆலைக் குழாய்களுக்கான அமெரிக்க ஆஸ்மி பி31.3 நெறிமுறை உயர் வெப்பநிலை மூட்டுகளுக்கு வலிமைக் குறைப்புக் காரணி வைத்திருக்கிறது.

ஓட்டும்போது நடப்பதும் சிறிய விஷயமல்ல. வெப்பநிலையையும் ஆயுளையும் இணைக்கும் லார்சன்-மில்லர் கணக்கில் மாறிலியை 20 என்று வைத்தால், 540 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் உலோகம் அதே தகைவில் (சுமையில்) 550 டிகிரியில் ஏறக்குறைய பாதி நேரமே தாங்கும். 560 டிகிரியில் கால்வாசி. 91 ரகத்துக்குப் பலர் கொள்வதுபோல் 30 என்று வைத்தால் இன்னும் குறையும். ‘பத்து டிகிரிதானே’ என்று ஷிப்டுக்கு ஷிப்டு விட்டுக்கொடுப்பதன் விலை இது.

கசிந்து எச்சரித்துவிட்டுத்தான் குழாய் உடையும் என்றும் நம்ப முடியாது. 1985 ஜூனில் அமெரிக்காவின் மோஹாவே மின் நிலையத்தில் மறுசூடேற்றிய நீராவி செல்லும் குழாய் நீளவாட்டு மூட்டில் (குழாயின் நீளம் நெடுக ஓடும் வெல்டில்) பிளந்து ஆறு பேர் இறந்தனர். அது 91 ரகமல்ல, குறைந்த கலப்பு எஃகு.

குழாய்களை முனையோடு முனை இணைக்கும் சுற்று மூட்டுகளைப் பொறுத்தவரை, குழாயைத் தொங்கவிட்டுத் தாங்கும் ஹாங்கர்களையும் பார்க்க வேண்டும். உள்ளழுத்தம் தரும் அச்சு இழுவிசை சுற்று இழுவிசையில் பாதிதான்; ஒரு ஹாங்கர் இறுகிக்கொண்டால் அதன்மேல் வளைவு விசையும் சேரும். நிறுத்தத்துக்கு முன் சூடான நிலையிலும், பின் ஆறிய நிலையிலும் ஹாங்கர் அளவுகோலைக் குறித்து, எது அசையவே இல்லையோ அதற்கு அடுத்துள்ள மூட்டுகளை முதலில் சோதிக்கலாம்.

இப்படிக்கு,
வெல்டிங் துறை வாசகர்